உதாரணமாகப் போன மாடசாமி

1

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணு. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வந்த பஸ்ஸின் இரைச்சல் இன்னும் உங்கள் காதில் இருக்கும், அது அடங்கட்டும். உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் மிஷின் வரும், கம்ப்யூட்டர் வரும். பயப்படாதீர்கள், எனக்கும் அதெல்லாம் அரைகுறைதான். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் சொன்ன பேச்சு ஊருக்குப் போன கதை இது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மத்திகிரியில் நான் குடியிருந்த லைன் வீட்டில், என் சுவருக்கு அந்தப் பக்கம் சௌமியா என்ற பெண் இருந்தாள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கருவி செய்து தருவது அவள் ஆராய்ச்சி. ஒரு மார்கழியில் நான் மொச்சை உரிக்க, அவள் எதிரில் உட்கார்ந்து உரிக்கிற பாவனையில் பாதியைப் பச்சையாகத் தின்றுகொண்டே சொன்னாள். நடுநடுவே நான் கேட்டதற்குப் பதில், கேட்காததற்கும் பதில்.

எழுத ஆரம்பித்தபின் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னாள்: "அடிச்ச வரியக் கிழிச்சிப் போடாதீங்கோ. அங்கியே உட்டுட்டு, ஏன் அடிச்சன்னு பக்கத்துல எழுதுங்கோ. படிக்கிறவங்களுக்கு நல்ல வரிய விட அதுதான் ஒதவும்."

அதனால் இந்தக் கதையில் குப்பை கொஞ்சம் கிடக்கும். தாண்டிப் போகலாம், நின்று பார்க்கவும் செய்யலாம்.

2

[தொடக்கம் ஒன்று: "ஓசூர் சிப்காட்டில் ஒரு பட்டறை. அங்கே நாள் முழுவதும் இரும்பு அலறிக்கொண்டிருந்த—"

அடித்துவிட்டேன். அந்த மிஷின்கள் அலறுவதில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே பால் போன்ற தண்ணீரில் நனைந்தபடி முனகுமாம். தெரியாததை அலற வைப்பது எழுதுகிறவர்களின் வழக்கம்.]

[தொடக்கம் இரண்டு: "சௌமியா ஒரு மேதை."

அடித்துவிட்டேன். இப்படி எழுதியதும் அவள் சட்டென்று எழுந்து போய் மாலை போட்ட போட்டோவுக்குள் உட்கார்ந்துவிட்டாள். வலது செருப்பு ஒரு ஜோடியும் இடது செருப்பு இன்னொரு ஜோடியுமாக ஆபீஸ் போன பெண்ணை அதற்குள் தேடினேன், கிடைக்கவில்லை.]

[தொடக்கம் மூன்று: "மாடசாமி அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை."

இது நல்ல தொடக்கம்தான். ஆனாலும் அடித்தேன். நீங்கள் அவன் பேசி ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே! அவன் வாய் மூடினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? முதலில் அவனைப் பேச விடுகிறேன்.]

3

சௌமியா கல்லாவிக்காரி. அங்கே அவள் அப்பா கோவிந்தப்பனுக்கு நிலமும் கிணறும் கோபமும் உண்டு. மேலே மேலே படித்து, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடசாமிக்கு கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர். டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. லேத் ஓட்டினான். புரோகிராமை உள்ளே போட்டால் அதன்படி தானாக இரும்பைக் கடைகிற லேத் அது. டவுன் பஸ்ஸில் பழகி, கல்யாணம் செய்துகொண்டார்கள். கோவிந்தப்பன் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். இதற்கு மேல் அதை எழுதினால் இந்தக் கதை கோபித்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். சௌமியாவின் தலைக்குள் ஒரே ஒரு யோசனை இருந்தது. ஒரு புரோகிராமைப் பிரித்துப் பார்த்தால் 'என்ன' செய்கிறது என்று இருக்கும், 'எப்படி' செய்கிறது என்று இருக்கும், 'ஏன்' மட்டும் இருக்காது. அது எழுதியவர் தலையில் இருக்கும். அவர் வேறு கம்பெனிக்குப் போனால் தலையோடு அதுவும் போய்விடும். கல்யாண மண்டபத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு பையை எல்லாரும் தாண்டித் தாண்டிப் போவதைப் போல, பின்னால் வருகிறவர்கள் அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போவார்கள். வருஷக்கணக்கில் தாண்டுவார்கள்.

அவள் செய்த கருவி இதுதான்: ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அது எழுதியவரிடம் 'ஏன்?' என்று கேட்கும். சொன்ன பதில் அந்த வரியோடு ஒட்டிக்கொண்டு, வரி எங்கே போனாலும் கூடவே போகும்.

சோதித்துப் பார்க்க ஒரு புரோகிராமும், பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் ஆளும் வேண்டியிருந்தது. ஆபீஸில் எல்லாரும் 'அப்புறம்' என்றார்கள். வீட்டில் ஒருவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "கேளு புள்ள" என்று வந்து உட்கார்ந்தான்.

"இந்த வரி ஏன்?"

"அது குழி வெட்டுத எடம். அடி வரைக்கும் போயிட்டு ஒடனே திரும்பப்பிடாது. ஒரு சுத்து அங்கனயே நிக்கணும், அப்பதான் அடி சுத்தமா இருக்கும். நீ கோவமா இருக்கையில நான் வாசல்ல செத்த நின்னு மூச்சு விட்டுட்டு உள்ள வாறேம்லா, அதே கணக்குதான்."

அவள் அப்படியே தட்டினாள்.

"இங்க வேகம் எதுக்கு இவ்ளோ கம்மி?"

"எதுத்தாப்புல சக்கு இருக்கு. இரும்பக் கடிச்சுப் புடிச்சிட்டு அது பாட்டுக்குச் சுத்தும். வேகமாப் போனோம்னா இடிச்சிரும், வெட்டுத கருவி சுக்குநூறு. ஒங்க அப்பா முன்னால போற மாதிரி, பாத்து, பைய, தலையக் குனிஞ்சிட்டுப் போணும்."

"எங்கப்பாவ ஏன் இழுக்குறீங்க?"

"நீதான ஏன்னு கேட்ட!"

அவள் சிரித்துக்கொண்டே அதையும் தட்டினாள். இப்படி ஒரு புரோகிராம் முழுக்க முடிந்தது.

4

இந்த இடத்தில் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மேலே போக முடியும்.

ஒரே மிஷின், ஷிப்டுக்கு ஒருவர். ஒரே பாகத்தைத்தான் கடைகிறார்கள். ஆனால் அவரவருக்குச் சொந்தப் புரோகிராம். ஷிப்ட் முடிந்ததும் சுருள் இரும்பைக் கூட்டி அள்ளி, கதவைத் துடைத்து, கடைசியாகத் தன் புரோகிராமை மிஷினின் நினைவிலிருந்தும் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அடுத்து வருகிறவர் தன்னுடையதை ஏற்றிக்கொள்ள வேண்டியது. கேட்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். மற்றவன் புரோகிராமைக் கேட்பது, அவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பது போல. யாரும் சட்டம் போடவில்லை. பாகம் சரியாக வந்தால் முதலாளியும் கண்டுகொள்வதில்லை.

சௌமியாவுக்கு இது ஆறவில்லை. தகவல் தேங்கினால் கெடும் என்று நம்புகிறவள் அவள்.

"ஒருத்தர் கண்டுபிடிச்சத எல்லாரும் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கிறீங்களே, வேஸ்ட் இல்லியா?"

"வேஸ்ட்தான். என் புரோகிராம் மிஷினுக்குள்ளயே கெடந்தா, அப்புறம் மிஷினுக்கு நான் எதுக்கு? இல்ல, நீயே சொல்லு."

(ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி வருவதில்லை என்று சௌமியா மொச்சைத் தோலைக் கீழே போட்டுக்கொண்டே சொன்னாள்.)

அப்படிப்பட்ட மாடசாமி அவளிடம் மட்டும் எதையும் துடைத்துவிட்டு வரவில்லை. பட்டறையில் நடந்தது, தோன்றியது, தப்பாய்ப் போனது எல்லாம் வீட்டுக்கு வரும். கருவி முடிந்த பிறகும் வந்தது. அது ஒரு நாள் நின்றுபோகும் என்று சௌமியாவுக்குத் தோன்றவேயில்லை.

5

கருவியை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் போடுவதற்கு ஆபீஸ் ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை: ஆபீஸ் புரோகிராம் ஒரு வரிகூட அதோடு வெளியே போகக் கூடாது.

ஆனால் உதாரணம் இல்லாமல் கருவியைக் கொடுப்பது, சமைத்துக் காட்டாமல் குக்கரை விற்பது மாதிரி. சௌமியா மேலதிகாரியிடம் கேட்டாள். அவர் வக்கீல் பிரிவைக் கேளுங்கள் என்றார். அங்கேயும் கேட்டாள். முடியாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டாள். முறையாகக் கேட்டாள், மறுத்தார்கள், மதித்தாள். அன்று ராத்திரி மாடசாமியிடம் சொல்லிப் புலம்பவும் செய்தாள்.

பிறகு வீட்டில் இருந்ததை எடுத்து வைத்தாள். மாடசாமியின் புரோகிராம், பக்கத்தில் அவன் பதில்கள்.

[இங்கே முதலில் "அவள் யோசிக்காமல்" என்று எழுதி அடித்தேன். யோசித்தாள். யாருக்குச் சொந்தம் என்றுகூட யோசித்தாள். வீட்டில் இருப்பதை யாரிடம் போய்க் கேட்பது என்று தோன்றியது. அரிசி டப்பாவைத் திறக்க அனுமதி கேட்கிறோமா?]

ஒரு பக்கக் குறிப்பு: அந்தக் காலத்தில் பலரும் செய்ததைப் போல, அவள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தாள். உலகத்தில் யார் எடுத்தாலும் அது அவர்களுக்கு வெறும் எழுத்துக் கூட்டம் என்று நினைத்தாள். உலகம் என்றால் அவள் மனதில் வெள்ளைக்காரர்கள்தான் இருந்தார்கள். மத்திகிரியும் சிப்காட்டும் உலகத்தில் சேர்த்தி என்பது நினைவில் வரவில்லை.

6

லைன் வீட்டின் கடைசிப் போர்ஷனில் முத்துமணியும் அவன் மனைவி தமிழ்செல்வியும் இருந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். முத்துமணி மாடசாமியின் பட்டறையிலேயே அடுத்த ஷிப்ட். புதுசு. அவன் ஓட்டும்போதெல்லாம் வெட்டும் கருவி போய்ச் சக்கில் இடித்து உடையும். இன்னொரு தடவை உடைந்தால் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் தமிழ்செல்வி கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா, கேசரி. ரவை கட்டிப் போச்சு, அதக் கண்டுக்கிறாதீக."

"இன்னா விசேஷம்?"

"இந்த வாரம் பூராம் அவுக மிஷினு இடிக்கவே இல்லக்கா! எல்லாம் அண்ணன் புண்ணியம்."

"எந்த அண்ணன்?"

"நம்ம மாடசாமி அண்ணன்தேன். நீங்க கருவி செஞ்சு நெட்டுல போட்டிருக்கேன்னு அன்னைக்குத் தண்ணி புடிக்கையில சொன்னீகல்ல? அவுகளுக்குச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு கிட்ட பிரவுசிங் சென்டர்ல போயி எறக்கிட்டு வந்துட்டாக. தெறந்தா உள்ளாற அண்ணனே உக்காந்து சொல்லிக் குடுக்குற மாதிரி இருந்துச்சாம்! வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சாக. எனக்கும் வாசிச்சுக் காட்டுனாக. அந்த மாமனார் வரி இருக்கு பாருங்க... அய்யோ, வயிறு வலிச்சுப் போச்சுக்கா!"

சௌமியாவுக்கு முதலில் வந்தது பெருமை. இதை விட்டுவிட்டு எழுதினால் கதை பொய்யாகிவிடும். அவள் சொன்னது நடந்துவிட்டது! ஒருவரின் 'ஏன்' அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காத இன்னொருவரின் கைக்குப் போய், ஒரு வெட்டும் கருவி உடையாமல், ஒரு வேலை போகாமல் காப்பாற்றியிருக்கிறது. எத்தனை கூட்டங்களில் இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள்! இப்போது அது கேசரிக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறது.

பிறகுதான் 'மாமனார் வரி' என்ற சொல் காதுக்குள் மெல்ல இறங்கியது.

"தமிழு... முத்துமணி மட்டுந்தான் பாத்தாரா?"

"பட்டறையே பாத்துச்சுக்கா. பிரிண்டு எடுத்து மிஷின் கதவுல ஒட்டியிருக்காகளாம்."

7

அன்று பட்டறையில் நடந்ததைப் பிற்பாடு தமிழ்செல்விதான் சௌமியாவுக்குச் சொன்னாள்.

மாடசாமி உள்ளே நுழைந்தான். ஒருவன் கையை விரித்துக் கூவினான்: "ஏய், எல்லாம் வழி விடுங்கப்பா! பைய, பைய! மாமனார் வர்றாரு!"

கூட்டம் சிரித்தது. மாடசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. டீ நேரத்தில் இன்னொருவன் கதவருகே விறைத்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு விட்டான். "அண்ணாச்சி, நான் உள்ள வரலாமா? வீட்டுல கோவம் எறங்கிருச்சா?"

தன் ஷிப்டுக்கு முன்னாலேயே வந்திருந்த முத்துமணி மட்டும் நிஜமான அன்போடு வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இப்பிடி எவனும் எழுதலண்ணே. படிச்சா மறக்க மாட்டேங்குது. சக்கு கிட்ட போறப்பல்லாம் ஒங்க மாமனார் மொகந்தேன் வருது. பாத்ததே இல்ல, ஆனாலும் வருது!"

பிறகு மாடசாமி மிஷின் கதவைப் பார்த்தான். காகிதத்தில் எண்ணெய்க் கறை. கறைக்கு அடியில் அவன் பேச்சு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்ன அதே பேச்சு.

எல்லாரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். வேறென்ன செய்வான்!

8

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினான்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் சௌமியா.

"தெரியும்."

"நெட்டுலருந்து இப்பவே எடுத்துடறன். அஞ்சு நிமிசம்."

"எடுத்தா எடு. பயலுவ கையில பிரிண்டு இருக்கு."

அவள் எடுத்துவிட்டு வந்தாள். அவன் இடத்தைவிட்டு நகரவில்லை.

"கோவமாங்க?"

"முத்துமணி மிஷின் இடிக்காம ஓடுது. அதுல என்ன கோவம். நல்ல காரியம்தான."

"அப்புறம்?"

துண்டை மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான். "ஒங்க ஆபீஸ் புரோகிராமப் போடட்டுமான்னு அவங்கட்ட கேட்டேல்லா? அன்னைக்குச் சொன்னியே, ரெண்டு எடத்துல போய்க் கேட்டேன்னு."

"ம்."

"என்னயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"அது நீ கேட்டிருந்தாத்தான எனக்கே தெரியும்."

சண்டை அவ்வளவுதான். பாத்திரம் பறக்கவில்லை, அழுகை சுவரைத் தாண்டி என் பக்கம் வரவில்லை. மறுநாள் கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசினான். அம்மா போன் பண்ணியதைச் சொன்னான். தக்காளி விலையைத் திட்டினான். பட்டறையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

"இன்னிக்கி எப்பிடிப் போச்சு?"

"ஓடுச்சு."

மறுநாளும் "ஓடுச்சு". வாசலில் செருப்பை விடும்போதே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். சௌமியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, தான் இழந்தது என்ன என்று. நாள் முழுக்கக் கம்பெனி பஸ்ஸிலும் கூட்டங்களிலும் இருந்துவிட்டு அவள் வீடு திரும்பியதே அந்தப் பேச்சைக் கேட்கத்தான் போலிருக்கிறது. முகத்தில் மாற்றமில்லாமல் எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்கிற ஒரு மனிதனிடம், எனக்குப் பழையபடி சொல் என்று எப்படிக் கேட்பது? கேட்டு வாங்குகிற பொருளா அது?

9

இனிமேல் கதை என் கையில் என்று நினைத்து, சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

[முடிவு: பட்டறையில் எல்லாரும் மனம் மாறி, புரோகிராமைத் துடைக்காமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். மாடசாமியை மாலை போட்டு—

அடித்தேன். கேட்டுப் பார்த்தேன். சிலர் துடைப்பதை விட்டார்களாம், சிலர் முன்னைவிட நன்றாகத் துடைத்தார்களாம். வேலை போய்விடும் என்ற அவர்கள் பயம் கற்பனையில்லை. அதை மாலை போட்டு மூட எனக்கு மனசில்லை.]

[முடிவு: சௌமியா வேலையை விட்டுவிட்டு—

ஒரு பெண் வேலையை விட்டால்தான் வீடு சேரும் என்று எழுதினால், அந்தக் கையால் உங்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவும் எனக்குத் தகுதியில்லை.]

[முடிவு: சௌமியா கருவியை மாற்றினாள். இனி எதையும் வெளியே அனுப்பும் முன் அது கேட்கும்: 'இதைச் சொன்னது யார்? அவரிடம் கேட்டாயிற்றா?' ஆம் என்று சொல்லாமல் கதவு திறக்காது.

இது நிஜமாகவே நடந்தது. ஆபீஸில் முணுமுணுத்தார்கள். பகிர்வதற்கென்று செய்த கருவியில் நீயே பூட்டுப் போடுகிறாயே என்றார்கள். பூட்டு இல்லை, கதவைத் தட்டுவது என்றாள். தன்னிடம் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று எண்ணித்தான் இத்தனை நாள் தாராளமாக இருந்தோம் என்று அவளுக்குப் பட்டது. தகவல் தேங்கக் கூடாது, சரி. ஆனால் கிணற்றுக்காரரைக் கேட்காமல் வாய்க்கால் வெட்டுகிறோமே! நல்ல மாற்றம், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் முடிவாக அது நிற்கவில்லை. மன்னிப்பைக் கொண்டுபோய்க் கருவிக்குள் வைத்தால் அது கருவிக்குத்தானே போய்ச் சேரும்? வீட்டில் அதே "ஓடுச்சு"தான்.]

10

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முற்பகல். தெருவில் யாரோ கன்னடத்தில் கீரை கூவிக்கொண்டு போனார்கள். சௌமியா கம்ப்யூட்டரில் தன் கருவியின் புரோகிராமையே திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வந்து உக்காருங்கோ."

"எனக்கு ஒண்ணுஞ் சொல்லத் தெரியாது."

"நீங்க சொல்ல வேணாம். கேளுங்கோ. எதுல வேணா வெரல வெச்சி ஏன்னு கேளுங்கோ. இன்னிக்கி நான் சொல்றன்."

அவன் வந்தான். உட்காரவில்லை. நின்றபடி ஒரு வரியில் விரலை வைத்தான். "இது ஏன்?"

அவள் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது. விரல் கீழே போனது.

"இது?"

அவள் காதோரம் சிவந்தது. "அது... தெரியாது."

"தெரியாதா?"

"எடுத்தா எல்லாம் நின்னுபோவுது. அதான் நான் தொடறதில்ல."

"ஊரு பூரா ஏன் ஏன்னு கேக்குத ஆளு! ஒன் புரோகிராமுல நீயே தாண்டிப் போறியா?" வாய்விட்டுச் சிரித்தான்.

"சத்தம் போடாதீங்கோ! பக்கத்து வீட்டுல கேக்கும்."

(கேட்டது. பக்கத்து வீடு நான்தானே. அவன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கரண்டியோடு நின்றேன்.)

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். விரல் இன்னும் கீழே போனது. "இங்கன என்னமோ கோணலா இருக்க மாதிரி இருக்கே."

"தப்புதான் அது. சின்னத் தப்பு. வேலைக்கு ஒண்ணும் ஆவாது." கொஞ்சம் நிறுத்தினாள். "நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல எழுதுனது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸப் புடிக்கணும். நீங்க ஓசூர் ஸ்டாப்புல நின்னுக்கினு இருப்பீங்க. அந்த அவசரத்துல உட்டது."

"இத்தன நாளாத் திருத்தலியா?"

"தெறக்கறப்பல்லாம் பாக்குறன். திருத்தத் தோணல. யார் கேட்டாலும் வேற காரணம் சொல்லுவன். இத யாருக்கும் சொன்னதில்ல."

அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். கீரைக்காரரின் குரல் தெருமுனை தாண்டிப் போய்விட்டது.

"உங்க பதிலு இருந்த கோப்ப நெட்டுல மறுபடி போடணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்," என்றாள். "எப்ப தோணுதோ அப்ப. சொல்லாட்டியும் சரி."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"நேத்து பட்டறையில ஒரு காரியம் நடந்துச்சு, புள்ள."

சௌமியாவின் கை பழக்கத்தில் கீபோர்டுக்குப் போனது. பாதியில் நின்றது. அவள் மானிட்டரை அணைத்தாள்.

"எழுதிக்கலையா?"

"வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

11

அவன் என்ன சொன்னான்?

நானும் கேட்டேன், கண்ணு. மொச்சை முழுக்க உரித்து முடிந்துவிட்டது, கதை அந்த இடத்தில் வந்து நிற்கிறது, கேட்காமல் இருப்பேனா? சௌமியா தோலையெல்லாம் கூட்டி முறத்தில் அள்ளினாள். "அவரக் கேட்டுட்டு வர்றன்" என்று போனாள்.

மறுநாள் பதிலோடு வந்தாள். எல்லாவற்றையும் எழுதலாமாம். பட்டறைக் கிண்டலையும் எழுதலாமாம். "மாமனார் வரிய மட்டும் கொறைக்காம எழுதச் சொல்லு, அது நல்லா வந்திருக்கு" என்றானாம். ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மட்டும் கேட்க வேண்டாமாம்.

நான் மூன்று விதமாக அதைக் கற்பனை செய்து எழுதினேன். ஒன்றில் முத்துமணி வந்தான், ஒன்றில் யாரோ அழுதார்கள், ஒன்றில் ஒரு சின்ன வேடிக்கை. மூன்றும் மோசமில்லை. அவற்றை இங்கே வைக்கவில்லை. அடித்த வரிகளை விட்டுவைக்கிறேன் என்று உங்களிடம் சொன்னேனே, இந்த மூன்றை மட்டும் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோப்பு திரும்ப இணையத்துக்குப் போயிற்றா? நான் வீடு மாறும் வரை மாடசாமி யோசித்துக்கொண்டுதான் இருந்தான். முத்துமணியைப் போல இன்னும் எத்தனை பேருக்கு உதவும் என்பது அவனுக்குத் தெரியும். அது தன் வீட்டுப் பேச்சு என்பதும் தெரியும். அவனிடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? அதை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களிடம் எல்லாம் சொல்கிற ஒருவர் இருப்பார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசியுங்கள்.

போய் வாருங்கள், கண்ணு. வேலைக்குப் போன உங்கள் வீட்டார் நகக்கண்ணில்கூடக் காயமில்லாமல் திரும்பட்டும். வந்து செருப்பை விடும்போதே "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிக்கட்டும். கேட்க அங்கே ஒருவர் இருக்கட்டும். அடுப்பில் பால் பொங்குகிற அளவுக்குப் பேச்சு நீளட்டும். உங்கள் கூரைக்குக் கீழே சொல்லப்பட்டது அங்கேயே சூடாக இருந்து, உங்கள் குடும்பம் நன்றாக வாழட்டும்.